வேகத்தின் விலையை யார் செலுத்துவது?

அறவியற் பிரச்சினைகள் எப்பொழுதும் பெரும் பிரச்சினைகளின் உருவத்திலேயே எம்மிடம் வருவதில்லை. போர், புரட்சி, தியாகம், துரோகம் ஆகியவை பற்றி நாம் மேடைகளிலும் ஏடுகளிலும் ஓயாது விவாதிக்கின்றோம். ஆனால், நாளாந்த வாழ்வில் எமது கையிலும் காலிலும் தங்கியிருக்கும் சிறு செயல்களை அத்தகைய விசாரணைக்கு உட்படுத்துவது அருமை. நெடுஞ்சாலையில் ஓடும் மோட்டார் வாகனத்தின் வேகம் அத்தகைய சிறு செயல்களுள் ஒன்று. வேகத்தைச் சற்றுக் குறைத்தால் எரிபொருள் மிச்சப்படும் என்பதைச் சாரதிகள் அனைவரும் அறிவர். அரிசி களையும்போது ஒரு பிடியை எடுத்து வைப்பது போன்ற வீட்டுச் சிக்கனமாகவே அது பொதுவாகக் கருதப்படுகின்றது. விரும்பியவர் செய்யலாம், விரும்பாதவர் விடலாம். அதில் மற்றவருக்கு என்ன வழக்கு என்பதே பொதுவான மனப்போக்கு.

இந்த மனப்போக்கை நாம் கேள்விக்கு உள்ளாக்க விரும்புகின்றோம். எமது நாட்டைப் போன்று எரிபொருளை முழுவதும் வெளியிலிருந்து வாங்க வேண்டிய ஒரு நாட்டில், வேகத்தைக் குறைப்பது வெறுஞ் சிக்கனந்தானா, அன்றி ஒரு கடமையா? கடமையெனின், அது யாருடைய கடமை? அதனை யார் யாரிடம் கோரலாம்? இந்த மூன்று வினாக்களும் ஒன்றையொன்று தொடர்ந்து நிற்பன. முதலாவதற்கு மட்டும் விடை கூறிவிட்டு நின்றுவிடுவோர் வெறும் உபதேசிகளாக முடிவர்.

முதலில் இயற்கையின் நியதியைக் காண்போம். வீதியில் ஓடும் வாகனம் பிரதானமாக இரண்டு எதிர்ப்புகளோடு போராடுகின்றது. ஒன்று சில்லுகள் வீதியில் உருளுவதால் உண்டாவது. மற்றையது காற்றை விலக்கிச் செல்வதால் உண்டாவது. முதலாவது, வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. இரண்டாவதோ வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகுகின்றது. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிய வாகனம் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுமாயின், வேகம் கூடியது நாலில் ஒரு பங்கே. காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கு மேலாகி விடுகின்றது. சில்லுகளின் எதிர்ப்பு அவ்வாறு பெருகாமையால் மொத்த எரிபொருட் செலவு அதே அளவுக்கு உயர்வதில்லை. எனினும், இவ்வேக உயர்வினாற் சாதாரணக் கார் ஒன்று ஒரு லீற்றரில் ஓடும் தூரம் எட்டில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ குறைந்து விடுகின்றது. நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் வாகனத்திற்கு இக்கணக்குப் பொருந்தாது. அங்கு நின்று நின்று புறப்படுவதே எரிபொருளைத் தின்கின்றது. நாம் கூறுவது தடையின்றி ஓடும் நெடுஞ்சாலையைப் பற்றியது.

இக்கணக்கை எமது நாட்டு வீதியொன்றில் வைத்துப் பார்ப்போம். 2011 நவம்பரில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையிற் கொட்டாவையிலிருந்து காலி வரையான தூரம் சுமார் 95 கிலோமீற்றர். அங்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஓடினால் 57 நிமிடத்திற் காலியை அடையலாம். 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் 71 நிமிடம் ஆகும். வித்தியாசம் 14 நிமிடம். உயர்ந்த வேகத்தில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் ஒன்று, வேகத்தைக் குறைப்பதால் இப்பிரயாணத்தில் ஏறக்குறைய ஒரு லீற்றரை மிச்சப்படுத்தும். ஆகவே, பிரச்சினை இவ்வாறு சுருங்குகின்றது: 14 நிமிடத்திற்கு ஒரு லீற்றர். இந்தப் பண்டமாற்று நியாயமானதா?

“எனது பணம், எனது வாகனம், எனது நேரம், இதில் நியாயம் அநியாயம் எங்கிருந்து வந்தது?” என்று ஒருவர் கேட்பார். இக்கேள்வி புதியதன்று. 1973இன் இறுதியில் அரபு நாடுகள் எண்ணெய் விநியோகத்தைக் குறைத்து, விலையும் சில மாதங்களுள் நான்கு மடங்களவுக்கு உயர்ந்தபோது, மேற்கு ஜேர்மனி தனது பெருஞ்சாலைகளில் மணிக்கு 100 கிலோமீற்றர் என்னும் எல்லையை விதித்தது. அவ்வெல்லை சில மாதங்களே நிலைத்தது. அந்நாட்டு மோட்டார் வாகனக்காரர்களின் பெருஞ் சங்கம், சுதந்திரமான குடிமக்களுக்குச் சுதந்திரமான ஓட்டம் வேண்டும் என்ற கோஷத்தை 1974இல் எழுப்பியது. சுதந்திரம் என்ற சொல் அங்கு விரைவுபடுத்தியை மிதிக்கும் உரிமையாகச் சுருங்கிப்போயிற்று. ஒரு சொல் எத்துணை உயரத்திலிருந்து எத்துணைத் தாழ்வுக்கு இறங்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஐக்கிய அமெரிக்கா வேறு வழியிற் சென்றது. 1974 ஜனவரி 2ஆந் திகதி, ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்ட சட்டத்தின் மூலம், நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீற்றர், என்னும் எல்லை நடைமுறைக்கு வந்தது. தனிமனித சுதந்திரத்தைத் தெய்வமாக வழிபடும் முதலாளித்துவ நாடொன்றே, நெருக்கடி வந்ததும் வேகத்தைப் பொதுப் பிரச்சினையாக ஏற்றுக்கொண்டது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அச்சட்டத்தின் பத்தாண்டு அனுபவத்தை 1984இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஆராய்ந்தது. நெடுஞ்சாலைகளிற் செலவாகும் எரிபொருளில் இரண்டு சதவீதமளவே மிச்சப்பட்டது என்றும், ஆண்டுதோறும் 2,000 முதல் 4,000 வரையான உயிர்கள் காக்கப்பட்டன என்றும், மக்கள் பிரயாணத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு கோடி மணித்தியாலங்களை மேலதிகமாகச் செலவிட்டனர் என்றும் அது கண்டது.

இந்த முடிவுகள் இரண்டு பக்கமும் வெட்டும் வாளை ஒத்தன. எரிபொருளுக்காகக் கொண்டுவந்த சட்டம் எரிபொருளைச் சிறிதளவே மீதப்படுத்தியது. எதிர்பாராத வகையில் மனித உயிரை அதிகம் மீதப்படுத்தியது. 1973இல் அமெரிக்க வீதிகளில் இறந்தோர் 54,000 பேருக்கு மேல். 1974இல் அத்தொகை 45,000 அளவுக்கு இறங்கியது. அவ்வாண்டில் மக்கள் வாகனம் ஓட்டியதே குறைவு என்பதும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம். ஆயினும் வேகக் குறைப்பின் பங்கை மறுப்பதற்கில்லை. எனினும், எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை வீழ்ந்ததும் சட்டத்தின் மீதிருந்த பற்றும் வீழ்ந்தது. 1987இல் நாட்டுப்புறப் பெருஞ்சாலைகளில் 65 மைல் அனுமதிக்கப்பட்டது. 1995இல் தேசிய எல்லை முற்றாக நீக்கப்பட்டது. உயிர் காத்தது என்ற உண்மை கண்முன் இருந்தும், எண்ணெய் மலிந்தவுடன் அது போதிய நியாயமாகத் தோன்றவில்லை. விலையோடு ஏறிய அறம் விலையோடே இறங்கியது.

பற்றாக்குறை கற்பிக்கும் சிக்கனத்திற்கு ஆயுள் குறைவு என்பதை அறிய நாம் அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. 1990இற்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியிருந்த ஆண்டுகளில், பெற்றோல் மருந்தினும் அரிதாயிருந்தது. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளியையும் நெல்மூடையையும் விறகையும் சைக்கிளே சுமந்தது. ஒரு துளியின் பெறுமதியை அத்துணை நுட்பமாக அறிந்த மக்கள் உலகில் வேறெங்கேனும் இருந்திருப்பரோ என்பது ஐயமே. ஆனால், அதனை நாம் அறம் என்று கொண்டாடுவது தவறு. அது அவர்கள் தெரிந்தெடுத்த வாழ்வன்று; அவர்கள் மீது திணிக்கப்பட்ட தண்டனை. பாதை திறந்து, பெற்றோல் வந்து, வீதி செப்பனிடப்பட்டபின், அதே வீதியில் வேகம் பெருமையாயிற்று. பட்டினி கிடந்தவனை நோன்பிருந்தவன் என்று கூறாதது போலவே, தடையால் வந்த சிக்கனத்தை ஒழுக்கம் என்று நாம் கூறுவதற்கில்லை. தெரிவு உள்ள இடத்திலேயே கடமையும் உண்டு. இக்கருத்தை மனத்திற் கொண்டு, “எனது பணம்” என்ற வாதத்திற்குத் திரும்புவோம்.

பெற்றோல் நிலையத்திற் கொடுக்கப்படும் ரூபாயால் எண்ணெய் இந்நாட்டுக்கு வருவதில்லை. ரூபாயை ஏற்று மசகெண்ணெய் தருவார் எவருமில்லை. கப்பலிலிருந்து எண்ணெய் இறங்குவதற்கு டொலர் வேண்டும். அந்த டொலரை உழைப்பவர் வேறு. மலைச்சரிவில் அட்டைக்கடியோடு கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளி, சுதந்திர வர்த்தக வலயத்திற் தையல் இயந்திரத்தின் முன் முதுகு வளையும் இளம் பெண், வளைகுடா நாடுகளில் அந்நியர் சமையலறையிற் காலத்தைக் கழிக்கும் பணிப்பெண், இவர்களின் உழைப்பே எமது வாகனங்களின் தாங்கிகளை நிரப்புகின்றது. இது உருவகமன்று. ஈரானிடமிருந்து வாங்கிய எண்ணெய்க்காகத் தீர்க்கப்படாதிருந்த 25 கோடி டொலருக்கு மேற்பட்ட கடனை, மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பித் தீர்ப்பதென 2021 டிசெம்பரில் இலங்கை அரசாங்கம் ஒப்பந்தஞ் செய்தது. தேயிலைக் கொழுந்து நேரே எண்ணெயாக மாறும் காட்சியை நாம் அப்பொழுது மறைப்பின்றிக் கண்டோம்.

அக்கொழுந்தைப் பறித்தவரின் கூலி என்ன? 2021 மார்ச்சில், நீண்ட போராட்டத்தின் பின், நாளொன்றுக்கு 1,000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. 2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபா. ஆகவே, காலிக்கு 14 நிமிடம் முன்னதாகச் செல்வதற்காகக் காற்றில் எரிக்கப்பட்ட ஒரு லீற்றர், கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் ஏறக்குறைய அரைநாட் கூலிக்குச் சமமாயிருந்தது. வேகத்தின் வர்க்கம் என்பது கணித பாடத்தில் மட்டும் வருவதன்று என்பதை இக்கணக்கு எமக்கு உணர்த்துகின்றது.

அதே 2022ஆம் ஆண்டு இன்னுமொரு பாடத்தையும் புகட்டியது. டொலர் தீர்ந்தபோது எரிபொருளும் தீர்ந்தது. நாட்கணக்காக நீண்ட வரிசைகளில் முச்சக்கர வண்டிச் சாரதிகள் தமது வண்டிகளுக்குள்ளேயே உறங்கினர். வெயிலில் வரிசையில் நின்ற முதியோர் சிலர் உயிரிழந்தனர். ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது, பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் அட்டை முறை வந்தபோது, வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று ஒதுக்கப்பட்டது. எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் வீணாகிய ஒரு லீற்றர், ஒரு முச்சக்கர வண்டிச் சாரதியின் வார வாழ்வில் ஐந்தில் ஒரு பங்கு என்பதை அப்பொழுது எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பொதுக் களஞ்சியம் ஒன்று உண்டு என்பதும், ஒருவன் அதிலிருந்து எடுப்பது மற்றவனின் பங்கைக் குறைக்கின்றது என்பதும் வரிசையில் நின்றவர்கள் அனைவருக்கும் வெளிச்சமாயின. வரிசை மறைந்தமையால் அந்த உண்மை மறைந்துவிடுவதில்லை; அது கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு நகர்ந்துவிடுகின்றது. அவ்வளவே.

ஆகவே, எமது முதலாவது வினாவுக்கு விடை இதுவாகும்: வேகத்தைக் குறைப்பது கடமையே. அது பணப்பையின் பொருட்டு எழும் கடமையன்று. பிறர் உழைப்பின் பொருட்டு எழும் கடமை.

இங்கே நேரத்தைப் பற்றிய வாதம் எழுகின்றது. அமெரிக்கரின் நூறு கோடி மணித்தியாலங்கள் பெறுமதியற்றவையா? மனித வாழ்வு காலத்தாலேயே ஆனது. அதனைக் காற்றில் விடச் சொல்வது எவ்வாறு அறமாகும்? இவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி விரைந்தே ஆகவேண்டும். அதை மறுப்பார் எவருமில்லை. ஆனால், நேரத்தின் பெறுமதி பற்றிப் பேசுவோர் யாருடைய நேரத்தை எண்ணுகின்றனர்? அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடமில்லை. பாதுகாப்பின் பொருட்டு அது சரியான விதியே. ஆயினும், அதன் விளைவாக அந்தச் சாலையில் மீதமாகும் நேரம் பெரும்பாலும் கார் உடையவரின் நேரமாகவே இருக்கின்றது. எரிபொருள் இன்மையால் வீணாகும் நேரமோ, வரிசையில் நின்றவரின் நேரம். பஸ் வராத தரிப்பிடத்திற் காத்து நின்ற ஆசிரியையின் நேரம். மண்ணெண்ணெய் இன்றிக் கடலுக்குச் செல்லாத மீனவனின் நேரம். ஒருவரின் 14 நிமிடத்தை நேரம் என்றும், மற்றொருவரின் இரண்டு நாட்களை விதி என்றும் கூறும் கணக்கு நேர்மையான கணக்கன்று. மனிதரின் காலத்திற்கு அவரவர் வருமானத்தைக் கொண்டு விலை குறிக்கும் பொருளியல், ஏழையின் காலத்தை முதலிலேயே மலிவாக்கி விட்டுத்தான் தனது தராசைத் தூக்குகின்றது.

இனி, இரண்டாவது வினா: இது யாருடைய கடமை? இவ்விடத்திலேதான் நல்லெண்ணமுள்ளோர் பலர் இடறி விழுகின்றனர். கடமை எல்லோர்க்கும் பொது என்று கூறி, அதன் பாரத்தை எல்லோர் தலையிலும் சமமாக வைத்துவிடுகின்றனர். அமெரிக்காவில் 1973 டிசெம்பரிலும் 1974இன் தொடக்கத்திலும் லொறிச் சாரதிகள் நெடுஞ்சாலைகளை மறித்துப் போராடினர். அவர்களிற் பெரும்பாலோர் சொந்த லொறியைக் கடனில் வாங்கி, ஓடிய தூரத்துக்குக் கூலி பெறுபவர்கள். வேகம் குறைந்தால் ஒரு நாளில் ஓடும் தூரம் குறையும். தூரம் குறைந்தால் கூலி குறையும். அதேவேளை டீசல் விலையோ உயர்ந்து கொண்டிருந்தது. சுற்றுலாச் செல்பவருக்கு 55 மைல் என்பது சிறிய அசௌகரியம். அவர்களுக்கு அது வயிற்றிலடி. ஒரே எல்லை, ஆனால் இரண்டு விதமான பாரம்.

எமது வீதிகளிலும் இதே உண்மையைக் காணலாம். தனியார் பஸ் சாரதி வெறியனைப் போல ஓட்டுகின்றான் என்று நாம் அனைவரும் முறையிடுகின்றோம். அவன் ஏன் அவ்வாறு ஓட்டுகின்றான்? பல பஸ்களிற் சாரதியும் நடத்துனரும் நாளொன்றுக்கு ஒரு தொகையை உரிமையாளரிடம் ஒப்படைத்த பின்னரே தமது பங்கைக் காண முடியும். முன்னே செல்லும் பஸ்ஸை முந்தினால் அடுத்த தரிப்பிடத்துப் பிரயாணிகள் அவனுக்கு. முந்தாவிடின் வெறும் ஆசனங்கள். அவன் மிதிக்கும் விரைவுபடுத்தியின் மீது உரிமையாளரின் காலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றது. 1958இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டபோது, பிரயாணம் இலாபத்திற்காக அன்றி மக்களின் தேவைக்காக என்ற கோட்பாடு முன்வைக்கப்பட்டது. 1979இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. அரச சேவையிலும் குறைபாடுகள் மலிந்திருந்தன என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், மாதச் சம்பளம் பெறும் சாரதி ஒருவனுக்கு மெதுவாக ஓட்டும் சுதந்திரமாவது உண்டு. முந்தினாலன்றி உழைப்பில்லை என்ற நிலையில் உள்ளவனுக்கு அதுவும் இல்லை. இவனிடம் போய்ச் சிக்கனத்தையும் ஒழுக்கத்தையும் போதிப்பது, கட்டப்பட்டவனிடம் நடக்கச் சொல்வதை ஒக்கும்.

ஏழைகளிடம் சிக்கனத்தைப் போதிப்பது ஆளும் வர்க்கங்களின் பழைய வழக்கம். உணவு குறைந்தால் குறைத்து உண்ணுமாறும், எரிபொருள் குறைந்தால் நடந்து செல்லுமாறும் அவர்கள் கூறுவர். அறிவுரை வழங்கி முடிந்ததும், முன்னும் பின்னும் காவல் வாகனங்கள் பாய, பிரமுகரின் ஊர்தி வீதியை விலக்கிக் கொண்டு பறந்து செல்லும். அவ்வாறான ஊர்வலம் ஒன்று ஒரு கிராமத்தைக் கடந்து செல்வதே போதும். அங்குள்ள பாடசாலையில் ஓராண்டு கற்பித்த குடிமையியற் பாடம் அழிந்துவிடும். ஆகவே, எமது விடை இதுவாகும்: வேகத்தைக் குறைக்கும் கடமை தெரிவு உள்ளவரிடமிருந்து தொடங்க வேண்டும். அதிகாரம் உள்ளவர் முதலில். வசதி உள்ளவர் அடுத்து. கூலிக்கு ஓட்டுபவரிடம் அதைக் கோருமுன், மெதுவாக ஓட்டியும் வாழக்கூடிய கூலி முறையை அவருக்கு உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது வினா எஞ்சியுள்ளது: இக்கடமையை யார் கோரலாம்? தனிமனித நற்குணத்தின் கையில் இதை விட்டுவிட முடியாது. அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. எல்லா வாகனங்களும் நூறில் ஓடும் சாலையில் ஒன்று மட்டும் மிகக் குறைந்த வேகத்தில் ஓடுவது ஆபத்தானது. வாகனங்களின் வேகங்களுக்கிடையேயுள்ள வேறுபாடே விபத்துக்கு வித்தாகும். தனித்து நல்லவனாயிருக்க முயல்பவன் இடதுபக்கத்து ஓடுபாதையில் ஒதுங்கிச் செல்லலாம். எனினும், அவனுடைய நற்செயல் முழுப்பயனைத் தருவது அது பொது விதியாகும்போதே. ஆகவே, மக்கள் தமக்குத் தாமே விதிக்கும் சட்டமே இதனைக் கோரத் தகுந்தது. அத்தகைய சட்டம் ஒருவருக்கும் விலக்களிக்கக் கூடாது. நோயாளர் வண்டியும் தீயணைப்பு வண்டியும் தவிர. விலக்குப் பெற்ற பிரமுகர்கள் இயற்றும் வேக எல்லை, சட்டத்தின் உடையை அணிந்த அவமதிப்பே ஆகும். 2022 மார்ச்சிற் சர்வதேச எரிசக்தி முகவர் நிலையம், எண்ணெய்ப் பாவனையைக் குறைக்கும் வழிகளுள் முதலாவதாக, நெடுஞ்சாலை வேக எல்லையை மணிக்குக் குறைந்தது 10 கிலோமீற்றராற் குறைக்குமாறு வளர்ந்த நாடுகளுக்கு ஆலோசனை கூறியது. செல்வந்த நாடுகளுக்கே இது பொருந்துமாயின், கடன் வாங்கி எண்ணெய் இறக்கும் நாட்டுக்கு இது எத்துணை பொருந்தும் என்பதை விரிக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் எமது அணியைச் சேர்ந்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை கூறவேண்டியுள்ளது. “அமைப்பு மாறாதவரை தனிமனிதனின் சிறு செயல்களாற் பயனில்லை, இரண்டு சதவீத எண்ணெயை மிச்சப்படுத்துவது சீர்திருத்தவாதிகளின் பொழுதுபோக்கு” என்று சிலர் கூறுவர். இக்கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு; அந்தப் பாதியை நாம் மேலே ஏற்றுக்கொண்டோம். மறுபாதி மிகவும் வசதியான பொய். அமைப்பைக் குற்றஞ் சாட்டிக்கொண்டே அந்த அமைப்பு தரும் வசதியைக் கடைசித் துளி வரை அனுபவிக்க அது இடமளிக்கின்றது. தோட்டத் தொழிலாளியின் கூலிக்காகக் கூட்டத்திற் பேசிவிட்டு, அக்கூட்டத்திலிருந்து வீடு திரும்புகையில் அவளுடைய அரைநாள் உழைப்பைக் காற்றிற் கரைப்பவன், தனது கொள்கையையும் செயலையும் இரண்டு வெவ்வேறு வீடுகளிற் குடிவைத்திருக்கின்றான். அவனுடைய செயலாற் புரட்சி தாமதமாகி விடப்போவதில்லை. ஆனால், அவன் எதை நம்புகின்றான் என்பதை அவனுடைய கால் அவன் நாவினும் நேர்மையாகச் சொல்லிவிடுகின்றது.

தனிச் செயலும் பொது விதியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பொது விதி வேண்டுமென்று கோருபவன், அவ்விதி வருமுன்னரே தன்னால் இயன்ற அளவுக்கு அதன்படி ஒழுகும்போது அவனது கோரிக்கைக்கு வலிமை பிறக்கின்றது. தன்னளவில் ஒழுகுபவன், அதோடு திருப்தியடைந்து பொது விதிக்காகப் போராடாது விடின், அவனுடைய ஒழுக்கம் வெறும் தற்பெருமையாக முடிகின்றது. ஒன்றில்லாது மற்றொன்று ஊனமே. 1961இற் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவும் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அடுத்த ஆண்டு அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் உடைமைகள் கையேற்கப்பட்டபோது, எண்ணெய் மக்களின் சொத்து என்று நாம் பெருமையோடு கூறினோம். அதற்காக 1963இல் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டதையும் இந்நாடு தாங்கிக் கொண்டது. மக்களின் சொத்து என்று உரிமை கோரினால் மட்டும் போதாது; மக்களின் சொத்தைப் போலச் செலவிடவும் வேண்டும். உரிமை கோருவதில் ஒன்றுபட்டவர்கள், செலவிடுவதில் தனித்தனி உரிமையாளர்களாகப் பிரிந்துவிடுவது முரண்பாடன்றி வேறென்ன?

ஆசிரியர்களும் மாணவர்களும் இக்கேள்வியைத் தமது வகுப்பறைக்கே கொண்டு செல்லலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகின்றது என்பதைப் பௌதிக ஆசிரியர் கற்பிக்கின்றார். அந்த ஒரு லீற்றர் எந்த டொலரால் வந்தது என்பதைப் பொருளியல் ஆசிரியர் கற்பிக்கலாம். அந்த டொலரை உழைத்தவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்பதைச் சமூகக் கல்வி ஆசிரியர் கற்பிக்கலாம். மூன்று பாடங்களும் தனித்தனியே நிற்கும்வரை அவை பரீட்சைக்கு மட்டுமே உதவும். மாணவன் அவற்றை ஒன்றாக இணைத்துப் பார்க்கும் நாளிலேயே அவை அறிவாகின்றன. அவ்வாறு இணைத்துப் பார்த்த மாணவன் நாளை சாரதியாகலாம், பொறியியலாளனாகலாம், சட்டம் இயற்றுபவனாகவும் ஆகலாம். அவன் எந்த ஆசனத்தில் இருந்தாலும், விரைவுபடுத்தியின் மீது கால் வைக்கும்போது அது மற்றொரு மனிதரின் உழைப்பின் மீதும் வைக்கப்படுகின்றது என்பதை மறவாதிருப்பானாயின், அவனுடைய கால் தானாகவே சற்று இலேசாகும்.